டிஸ்பிராக்சியாவுக்கு 'செயற்கோவைக் குறைபாடு' சரிவருமா?

வணக்கம்.

டிஸ்பிராக்சியாவுக்கு, அதாவது அசைவுகளைத் திட்டமிட்டு வரிசையாகச் செய்வதில் சின்ன வயதிலிருந்தே இருக்கும் சிக்கலுக்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். ஐயா முன்வைத்த 'செயலிழப்பு', அதற்கு மாற்றாக அம்மா சொன்ன 'இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு', இரண்டிலும் எனக்கு மறுப்பு இருக்கிறது. நான் மொழியியல் படித்தவள் இல்லை. சின்ன வயதிலிருந்து டிஸ்பிராக்சியாவோடு வாழ்கிறவள், அதனால் என்மேல் எந்தச் சொல் ஒட்டப்படுகிறது என்பதில் எனக்கு அக்கறை அதிகம்.

இழப்பு என்றால் இருந்தது போய்விட்டது என்று பொருள். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டு, நேற்றுவரை தானே தலைவாரிய மனிதர் இன்று சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறாரே, அது அப்ராக்சியா. அங்கே 'இழப்பு' சரி. எங்களுக்கு எதுவும் போகவில்லை. அப்புறம், சிறுநீரகச் செயலிழப்பு என்று செய்தித்தாளில் படித்துப் பழகிய ஒரு தாய், தன் பிள்ளையின் மருத்துவ அறிக்கையில் இதே சொல்லைப் பார்த்தால் என்ன ஆவார்?

'ஒருங்கிணைப்பு' அவ்வளவு மோசமில்லை. 1987-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இதற்கு இடம்பெற்ற டிசிடி (developmental coordination disorder, வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு) என்ற பெயருக்கு அதுவே பொருத்தம், பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 6 பேர் என்று சொல்லப்படும் கணக்கும் அந்தப் பெயரில் வருவதுதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோருடைய மனமும் தசைக்கும் நரம்புக்கும் போய்விடுகிறது. எனக்கு வீட்டில் கேழ்வரகும் கால்சியம் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். என் கையில் பலம் குறைவே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், செய்ய நினைப்பதற்கும் கை அசைவதற்கும் நடுவில். புடவை கட்டுவதைச் சொல்கிறேன். கொசுவம் வைக்க இடது கை முந்தைய மடிப்பை விடாமல் பிடிக்க வேண்டும், வலது கை அடுத்த மடிப்பை அதே அகலத்தில் அளந்து கொண்டுவர வேண்டும், விரல் எப்போது விலக வேண்டும் எப்போது இறுக வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அதற்குத் தெரிய வேண்டும். மற்றப் பெண்கள் பேசிக்கொண்டே செய்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு அசைவும் தனித்தனியாகத் தெரியும், அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வந்து சேராது. பூவும் இருக்கிறது நாரும் இருக்கிறது, தொடுக்கத்தான் வரவில்லை என்பது மாதிரி.

அதனால்தான் 'கோவை' என்ற சொல்லைப் பிடித்தேன். கோத்தது கோவை. பிராக்சிஸ் என்றால் கிரேக்கத்தில் செய்கை. செயல்களைக் கோக்கும் திறன் செயற்கோவை, அதில் வரும் குறை செயற்கோவைக் குறைபாடு. அப்ராக்சியாவை 'செயற்கோவை இழப்பு' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும், குழப்பமும் வராது. பெயரில் 'குழந்தை', 'வளர்ச்சி' எதையும் நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். பெரும்பாலோருக்கு இது பெரியவர்களான பிறகும் தொடர்கிறது, உருவம்தான் மாறுகிறது. பள்ளியில் அது கையெழுத்து. சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்லியே நோட்டு நோட்டாக எழுதவைத்தார்கள், விடை முழுக்கத் தெரிந்தும் தேர்வு நேரத்துக்குள் கை எழுதி முடிக்காது, தாளைப் பார்த்தவர்களுக்கோ அது அக்கறையின்மை. வேலைக்கு வந்ததும் கணினி அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டது, ஆனால் கியர் வண்டி இன்றுவரை முடியவில்லை. கிளட்சு, கியர், கண்ணாடி, எதிரே வரும் பேருந்து எல்லாம் ஒரே நொடியில் கேட்கிறது.

இது வெறும் சொல்லாசை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் என்ற தலைப்பில் டிஸ்பிராக்சியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆனால் அந்த வரையறை பேசுவதெல்லாம் மொழி, வாசிப்பு, எழுத்து, கணக்கு. சரளமாக வாசிக்கிற, ஆனால் சட்டைப் பொத்தான் போட முடியாத பிள்ளையை அதில் எங்கே வைப்பது? ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் புரிகிற ஒரு தமிழ்ச்சொல் இருந்தால்தான் அந்தப் பிள்ளைக்காக வாய் திறந்து கேட்க முடியும்.

இன்னொரு வசதியும் உண்டு. கனடாவில் உருவான கோ-ஆப் என்ற பயிற்சி முறையில் பிள்ளையே குறிக்கோள் வைத்து, திட்டம் சொல்லி, செய்து, சரிபார்க்கிறது. தானாகக் கோத்துக்கொள்ளாததைச் சொல்லிச் சொல்லிக் கோப்பதுதான் அது. நான் புடவை கட்டப் பழகியதும் படிகளை வாய்விட்டுச் சொல்லித்தான். பெயரிலேயே கோவை இருந்தால் பயிற்சி எதற்கென்று பெற்றோருக்கு விளக்குவது எளிது.

'தடுமாற்றம்', 'மந்தம்' என்ற பரிந்துரைகளை மட்டும் தயவுசெய்து பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அவை பள்ளியில் எங்களை அழைத்த பெயர்கள்.

சொல் நீளம் என்று ஐயா சொல்லக்கூடும், ஒப்புக்கொள்கிறேன். பேச்சில் 'செயற்கோவைக் குறை' என்றாலே போதும். பிள்ளைகளுக்கு வரும் பேச்சு அப்ராக்சியா, அதாவது பேச நினைத்தும் வாயசைவுகள் வரிசையாகக் கூடிவராத நிலை, மட்டும் இடிக்கிறது, பெயரில் அப்ராக்சியா இருந்தாலும் அது இழப்பு இல்லையே. அதைப் 'பேச்சுச் செயற்கோவைக் குறைபாடு' என்று சொல்லலாமா என்பதைக் குழுவில் உள்ள பேச்சுப் பயிற்சியாளர்கள்தான் சொல்ல வேண்டும்.