மாண்டரின்: மொழியா, பழமா, அதிகாரியா?

கேள்வி
வணக்கம். சீனப் புத்தாண்டுக்காகப் பினாங்கின் ஜார்ஜ்டவுன் சந்தையில் அடுக்கியிருந்த பழப்பெட்டிகளின் மேல் ‘மாண்டரின்’ என்று அச்சிட்டிருந்ததைக் கண்ட என் மகள், “அது மொழியின் பெயரல்லவா, அப்பா?” என்று கேட்டாள். ஆங்கில நாளேடுகளோ உயர் அதிகாரிகளையும் அச்சொல்லால் சுட்டுகின்றன. மூன்றுக்கும் உறவு உண்டா?

மறுமொழி 1
உண்டு, ஐயா, அதுவும் மலாய் வழியாகவே. வடமொழி ‘மந்த்ரின்’ மலாயில் ‘மெந்தெரி’ ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அதைக் கேட்ட போர்த்துக்கீசியர், கட்டளையிடுதலைக் குறிக்கும் தங்கள் ‘மாந்தார்’ என்னும் வினையின் சாயலையும் அதில் ஏற்றி, சீனப் பேரரசின் அதிகாரிகளை ‘மாந்தரிம்’ என்று அழைத்தார்கள். மாநில முதல்வரைக் குறிக்க நம் நாளேடுகள் எழுதும் ‘மந்திரி பெசார்’ என்பதிலும் அதே வேர்தான் இருக்கிறது. அவ்வதிகாரிகளின் பொதுப்பேச்சைச் சீனர்கள் ‘குவான்ஹுவா’, அதாவது அதிகாரிகளின் பேச்சு, என்றதால் மொழிக்கும் ஐரோப்பியரிடம் அப்பெயரே நிலைத்தது. சீனர்கள் தம் மொழியை அவ்வாறு சொல்வதில்லை. இங்கே மலேசியாவில் அது ஹுவாயூ, சீனாவில் புதோங்ஹுவா.

மறுமொழி 2
பழத்தின் பெயர் அதிகாரிகளின் மஞ்சள் அங்கியிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். எனக்கு அது முழு நிறைவைத் தரவில்லை. கண்டோனிய மொழியில் இப்பழமும் பொன்னும் ஒரே ஒலியில் ‘கம்’ எனப்படுவதால்தான் கோலாலம்பூர் வீடுகளில் அதை இரண்டிரண்டாகக் கொடுக்கிறார்கள். ‘ஆரஞ்சு’ என்ற சொல்லோ ‘நாரங்க’ என்னும் வடமொழிச் சொல்லிலிருந்து பாரசீகம், அரபு வழியாக மேற்கே சென்றது. அதற்கும் மூலம் திராவிடம் என்றே பலர் கருதுகின்றனர், நம் நாரத்தையை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. மகளிடம் இன்றிரவே சொல்கிறேன். பெட்டியில் இன்னும் நான்கு பழங்கள் மீதம் உள்ளன.