எங்கட ஒழுங்கை மீள்சுழற்சிக்குத் தயாரோ? உதவி தேவை

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் நல்லூர்ப் பக்கம் எங்கட ஒழுங்கையில 40 வீடும் பிளாஸ்ரிக்கைத் தரம்பிரிச்சுக் குடுக்கேலுமோ எண்டு கணக்கெடுக்க வெளிக்கிட்டிருக்கிறம். போன கிழமை எட்டு வீட்டுக் குப்பைச் சாக்குகளைக் கொட்டிப் பாத்தன். சோடாப் போத்தலுகள் துப்பரவாத்தான் கிடந்தது. யோகட் கப்பும் கறி ஒட்டின சொப்பிங் பையும்தான் பெரிய தலையிடி. 2017இல தடைசெய்த லஞ்ச் சீற் (சோறு கட்டிற மெல்லிய பொலித்தீன் தாள்) கூட ரெண்டு சாக்கில இருந்தது. வளவுக்குள்ள எரிக்கிறதும் நிக்கேல்லை. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, கிணத்துத் தண்ணிதான். நிலத்துக்குக் கீழ இருக்கிற சுண்ணக்கல்லுக்குள்ள இறங்கிற அழுக்கு கிணத்துக்குத்தான் வரும். அதுதான் இந்த அவசரம்.

போத்தல், இரும்பு வாங்கிற ஆக்கள் யோகட் கப்பும் எடுப்பினமோ? கழுவிக் குடுக்கோணுமோ? எவ்வளவு சேந்தா வந்து ஏத்துவினம்? திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் செய்து பாத்த ஆக்கள், சரிவராமப் போயிருந்தாலும் எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை வீடுவீடாப் போக ரெண்டு பேர் வந்தா பெரிய உதவி.