ஏ9 வீதியில் மத்தியான வெயிலில் நின்றுவிடும் ஜப்பான் ஹைபிரிட்: பற்றரியை மாற்றுவதா, இந்தியத் தயாரிப்புக்கு மாறுவதா?

கொடிகாமம் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2013ஆம் ஆண்டு ஜப்பானில் செய்த, பெற்றோலிலும் பற்றரி மின்னிலும் ஓடும் சிறிய ஹைபிரிட் கார். அங்கே பாவித்த பிறகு இங்கே இறக்குமதியாகி, இரண்டு கை மாறி எங்களிடம் வந்தது. ஊருக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. அம்மாவைச் சிகிச்சைக்காகக் கொழும்புக்குக் கூட்டிச் செல்லும்போதுதான் தொல்லை. மாங்குளம் தாண்டியதும் பின் இருக்கைப் பக்கத்தில் ஒரு விசிறி உரத்த சத்தத்தோடு சுழலத் தொடங்குகிறது. திரையில் பற்றரியின் சார்ஜைக் காட்டும் கோடுகள் சில நிமிடங்களுக்குள் உச்சிக்கு ஏறுகின்றன. சிறிய ஏற்றம் ஒன்று வந்தால் அதே வேகத்தில் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. பிறகு சிவப்பு முக்கோண எச்சரிக்கை வருகிறது, கார் இழுக்க மறுக்கிறது. மர நிழலில் நிறுத்தி, சூடு தணிந்தபின் இயக்கினால் பழையபடி ஓடுகிறது. இரவுப் பயணத்தில் இது நடப்பதே இல்லை.

கராஜில் கணினி பொருத்திப் பார்த்தார்கள். பி0ஏ80 என்று பிழை இலக்கம் வந்தது. 'முழுப் பற்றரியையும் மாற்ற வேண்டும்' என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை எங்கள் சக்திக்கு மீறியது. அத்தான் வைத்திருப்பது உள்ளூர் முகவரிடம் புதிதாக வாங்கிய இந்தியத் தயாரிப்பு ஆல்ட்டோ. அது ஒருநாளும் வழியில் நின்றதில்லை. 'ஜப்பான்காரன் தன் ஊருக்குச் செய்த காரை இந்த வெயிலில் ஓட்டினால் இப்படித்தான், விற்றுவிடு' என்கிறார். ஜப்பான் கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். எது உண்மை? அடுத்த மாதமும் அம்மாவைக் கூட்டிச் செல்ல வேண்டும். தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

திருநெல்வேலி கராஜ்:

தம்பி, விற்பதைப் பற்றி யோசிப்பதற்கு முதல் பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கும் காற்று வாயைப் பாருங்கள். இருக்கைக்குப் பக்கவாட்டிலோ கீழேயோ கம்பி வலை போன்ற ஒரு மூடி இருக்கும். பற்றரி தன்னைக் குளிர்விக்கும் காற்றை அந்த வழியாக, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்துதான் இழுக்கிறது. வலையில் தூசி அடைத்தால் காற்று போகாது. பற்றரி சூடேறும், விசிறி இன்னும் வேகமாகச் சுழலும், கடைசியில் கணினி பாதுகாப்புக்காக இழுவையைக் குறைத்துவிடும். நீங்கள் சொல்லும் சத்தமும், இரவில் நடக்காததும் அதோடு ஒத்துப்போகின்றன. எங்கள் செம்பாட்டு மண் எவ்வளவு நுண்ணியது என்று உங்களுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்துவைத்து ஓடும் காரில் அது நேராக அந்த வலைக்குத்தான் போகும். பையோ துணியோ வைத்து அந்த வாயை மறைத்தாலும் இதே கதிதான்.

ஆனால் கோடுகள் அவ்வளவு வேகமாக ஏறி இறங்குவது வேறு விடயம். பற்றரியில் சில மின்கல அறைகள் தளர்ந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். உங்கள் காரில் இருப்பது நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகையாக இருக்க வேண்டும். அதில் 7.2 வோல்ற்று கொண்ட தனித்தனிப் பெட்டிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒரு பெட்டி படுத்தாலும் கணினி காட்டுவது அதே பி0ஏ80தான். அந்த இலக்கத்தை மட்டும் பார்த்து முழுப் பற்றரிக்கும் விலை சொல்வது எனக்குச் சம்மதமில்லை. பெட்டிகளின் வோல்ற்று அளவைச் சோடி சோடியாகக் காட்டும் கருவியைப் பொருத்தி, காரை ஓட்டிக்கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். இழுவை கொடுக்கும்போது ஒரு சோடி மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் இறங்கினால் குற்றவாளி அதுதான். பெட்டிகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடல் காற்று வீசும் ஊர்களில் இது சாதாரணம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். வலையை நீங்களே சுத்தம் செய்யலாம். செம்மஞ்சள் நிற வயர்களை வீட்டில் தொடவே வேண்டாம். உயிரை எடுக்கும் மின்னழுத்தம் அது. பயிற்சி உள்ளவர்கள்கூட பற்றரியின் மின்சுற்றைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, குறைந்தது 10 நிமிடம் பொறுத்து, காப்புக் கையுறை போட்ட பிறகுதான் உள்ளே கை வைப்பார்கள்.

கொட்டாஞ்சேனை இறக்குமதி:

அத்தானின் பேச்சில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யும் கார்களில் 17 எழுத்துள்ள சர்வதேச அடையாள இலக்கம் இருக்காது. மாதிரிக் குறியீடு, ஒரு கோடு, பிறகு வரிசை எண் என்று சுருக்கமாகத்தான் இருக்கும். ஆல்ட்டோவின் அடிச்சட்ட இலக்கத்தைப் பாருங்கள், 17 எழுத்தும் இருக்கும், 'எம்ஏ' என்று தொடங்கும். அது இந்தியாவில் செய்ததற்கான குறி. உங்கள் கார் ஜப்பானியர் ஒருவருக்காகச் செய்தது. அங்கே புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை நடக்கிறது. ஒயில், கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் எல்லாம் தவறாமல் மாற்றுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் காரின் ஆயுள் கணக்கிடப்படுகிறது. கப்பலிலிருந்து இறங்கியதும் அந்தக் கவனிப்பு அறுந்துவிடுகிறது. பழுது அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது, ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும் மீற்றர் திருகல். 40,000 கிலோமீற்றர் என்று வாங்கிய கார் உண்மையில் எவ்வளவு ஓடியது என்று யார் சொல்வது? ஜப்பானில் காரை ஏலத்தில் விற்றபோது கொடுத்த ஏல அறிக்கையைக் கேளுங்கள். அதில் 4.5, 4, 3.5 என்று தரம் இருக்கும். 'ஆர்' என்று இருந்தால் விபத்துக்குப் பின் திருத்திய கார். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழில் கடைசிப் பரிசோதனையின்போது மீற்றர் காட்டிய அளவு பதிவாகியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் பொய் பிடிபடும். உங்கள் காருக்கு இந்தத் தாள்கள் இல்லையென்றால், பிரேக் மிதியின் ரப்பரையும் சாரதி இருக்கையின் வெளி ஓரத்தையும் பாருங்கள். மீற்றரைத் திருகுகிறவர்கள் அவற்றை மாற்ற மெனக்கெடுவதில்லை.

அத்தானின் ஒப்பீடு அநியாயமானது என்று நான் சொல்வது இதனால்தான். முதல் நாளிலிருந்து ஒரே குடும்பத்தின் கையில், முகவரின் சேர்விஸ் புத்தகத்தோடு வளர்ந்த கார் அவருடையது. உங்களுடையது பத்து வயதைத் தாண்டி, பாதி வரலாறு தெரியாமல் வந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் இருந்த கார்களையே எல்லோரும் திரும்பத் திரும்ப விற்று வாங்கினோம். ஓய்வு பெற வேண்டிய பற்றரிகள் எல்லாம் இன்னும் வீதியில் ஓடுகின்றன.

பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அடிச்சட்ட இலக்கத்தை எடுத்துக்கொண்டு முகவரிடம் போய், டகாட்டா நிறுவனத்தின் பழுதான காற்றுப்பைகளை மாற்றுவதற்கான மீளழைப்பில் உங்கள் கார் வருகிறதா என்று விசாரியுங்கள். அந்தப் பைகளை ஊதவைக்கும் அமோனியம் நைத்திரேற்று நீண்டகால வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிடும். உலகம் முழுவதும் உயிர்கள் போயிருக்கின்றன. எங்கள் காலநிலை அதற்கு மிக மோசமானது. பற்றரி படுத்தால் வழியில் நிற்பீர்கள், அவ்வளவுதான். இது அப்படிப்பட்டதல்ல.

மன்னார் வாடகைச் சாரதி:

இந்தியத் தயாரிப்பில் வாடகைக்கு ஓடுகிறவன் என்ற முறையில் நான் அத்தான் பக்கம். 796 சிசி, மூன்று சிலிண்டர், கையால் மாற்றும் ஐந்து கியர். கிளச்சுத் தட்டு மன்னாரிலும் கிடைக்கும், மதவாச்சியிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கழற்றிப் பூட்டுவார். நம்பகம் என்று நான் சொல்வது இதைத்தான். பழுதே வராத கார் உலகத்தில் கிடையாது. பழுது வந்த அன்றே திரும்ப ஓடவேண்டும், அன்றுதான் என் வீட்டில் அடுப்பு எரியும். ஜப்பானின் 660 சிசி சிறு கார்களும் நல்லவைதான், ஆனால் அவை நகரத்துக்குள் ஒருவர் இருவர் போய்வரச் செய்தவை. நான்கு பேரும் சாமான்களுமாக ஏ9இல் குளிரூட்டியோடு மணிக்கணக்கில் ஓட்டினால் எஞ்சின் முழு மூச்சோடு உழைக்க வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலி கராஜ்:

மன்னார்த் தம்பி சொல்லும் எளிமையை நானும் மதிக்கிறேன். ஆனால் கேட்டவர் நோயாளித் தாயை ஏற்றிக்கொண்டு போகிறவர். 2014இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கெப் சோதனையில் காற்றுப்பை இல்லாத அடிப்படை ஆல்ட்டோ 800, பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. வாங்குவதாக இருந்தால் காற்றுப்பை உள்ள வகையா என்று பார்த்தே வாங்க வேண்டும். நின்றுபோகாத கார் என்பதோடு, மோதினால் காப்பாற்றும் கார் என்றும் ஒரு கணக்கு உண்டு.

சாவகச்சேரி வாசகி:

இலங்கையிலேயே பொருத்திய கார்கள் எப்படி? அவற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

கொட்டாஞ்சேனை இறக்குமதி:

சகோதரி, சீனாவின் ஜீலி பாண்டாவை இங்கே பொருத்தி மைக்ரோ பாண்டா என்று விற்றார்கள். இன்றும் அவ்வாறு பொருத்திய பல வாகனங்கள் வருகின்றன. பொருத்தியது இங்கே என்றாலும் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் வெளியிலிருந்து வருபவை. முன்விளக்கு, கிளச்சு, முன் கண்ணாடி ஆகியவை யாழ்ப்பாணத்தில் கையிருப்பில் உள்ளனவா என்று காசு கட்டுவதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள். பத்து ஆண்டுக்குப் பிறகும் அவை கிடைக்குமா என்பதில்தான் அந்தக் காரின் பெறுமதி இருக்கிறது.

கொடிகாமம் வாசி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்னபடி மூடியைக் கழற்றினேன். வலை முழுவதும் செம்மண்ணும் முடியும் பஞ்சும் கலந்து, கம்பளித் துணி போல ஒட்டியிருந்தது. தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியவில்லை. பிறகு ஹைபிரிட் வேலை தெரிந்த வேறொரு கராஜில் ஓட்டிக்கொண்டே அளந்தார்கள். ஒரு சோடி மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக இறங்குகிறது. செப்புத் தகடுகளிலும் பச்சை இருந்தது. இன்னொன்றையும் காட்டினார்கள். பற்றரியின் மின்னை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்கான கூலன்ட் சிறு தொட்டியின் உள்சுவரில் வெள்ளைக் கறை படிந்திருந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ கிணற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறார்.

படுத்த சோடியை மட்டும் மாற்றலாமா, முழுவதையும் மாற்ற வேண்டுமா? அதைச் சொன்னால் போதும்.

திருநெல்வேலி கராஜ்:

கிணற்றுத் தண்ணீர் என்றதும் மனம் கொதிக்கிறது. எங்கள் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். அந்தத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்கவைத்தாலே அடியில் வெள்ளை படிகிறது. ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் என்ன ஆகும்? இன்வேர்ட்டர் சுற்றை முழுவதும் இறக்கிக் கழுவி, காரின் கைந்நூலில் சொல்லியிருக்கும் கூலன்ட்டையே நிரப்பச் சொல்லுங்கள். எஞ்சின் பக்கத் தொட்டியையும் திறந்து பாருங்கள், அதே கை அங்கேயும் ஊற்றியிருக்கும்.

பற்றரி விடயத்தில் என் நிலைப்பாடு இது. படுத்த சோடியை மட்டும் மாற்றினால் கார் ஓடும், செலவும் குறைவு. ஆனால் மற்றவையும் அதே வயதுடையவை. ஒன்று போனபின் இன்னொன்று போகும். ஊருக்குள் மட்டும் ஓடும் காராக இருந்தால் அதையே செய்யச் சொல்லியிருப்பேன். நீங்கள் அம்மாவோடு நடு வன்னியில் நிற்கக் கூடாது. ஆகவே இப்போதைக்குச் சோடியை மாற்றி, தகடுகளைச் சுத்தம் செய்து, வலையைக் கழுவி, ஊருக்குள் ஓட்டுங்கள். அடுத்த மாதப் பயணத்துக்கு ரயிலில் போங்கள், அல்லது அத்தானின் காரைக் கேளுங்கள். காசு சேர்ந்ததும் புதிய அறைகள் கொண்ட முழுப் பற்றரியை எழுத்தில் உத்தரவாதம் தருகிற இடத்தில் போடுங்கள். வெளிநாட்டில் உடைத்த காரிலிருந்து எடுத்த பற்றரியை மலிவு என்று வாங்க வேண்டாம், அதுவும் உங்களுடையதைப் போலப் பழையதாகவே இருக்கும்.

விற்கலாமா என்ற கேள்விக்கு, மீற்றரின் உண்மை தெரியும்வரை பதில் சொல்ல மாட்டேன். ஏற்றுமதிச் சான்றிதழை முதல் உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கும்.

கொடிகாமம் வாசி:

அப்படியே செய்கிறேன் அண்ணா. முதல் உரிமையாளர் கண்டியில் இருக்கிறார், இன்று மாலை பேசுகிறேன். அத்தானும் காரைத் தர ஒப்புக்கொண்டுவிட்டார்.