தீம் பார்க் ஊழியர்களின் சீருடை யாருடைய வசதிக்கு?

தாம்பரத்தான்:
போன வாரம் பிள்ளைகளை ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். எந்தப் பார்க் என்று கேட்காதீர்கள், பல இடங்களில் இதே கதைதான். நல்ல உச்சி வெயில். வாசலில் ஒரு பையன் கரடி வேஷம் போட்டுக்கொண்டு போட்டோவுக்குக் கையாட்டிக்கொண்டு நின்றான். டிக்கெட் ஸ்கேன் செய்யும் பெண்ணுக்கு முழுக்கை பாலியஸ்டர் சட்டை, அதற்கு மேல் ஒரு கோட். ரைடு வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. மதியம் பார்த்தால் அந்தக் கரடி கழிப்பறைக்குப் பின்னால் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது. சூப்பர்வைசர் ஓடி வந்து, "கஸ்டமர் பார்க்கிற இடத்தில் தலையைக் கழற்றாதே" என்று சத்தம் போட்டார். பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம்.

என் கட்சி இதுதான்: இந்த விதிகளை எழுதுகிறவர் ஒருநாளும் அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருக்க மாட்டார். எல்லாமே டிக்கெட் வாங்கியவன் கண்ணுக்காக. மறுப்பவர்கள் வரலாம்.

ஃபுளோரிடா மாமா:
நான் வருகிறேன். ஆர்லாண்டோ பக்கம் குடியிருக்கிறேன், டிஸ்னிக்கு வருட பாஸ் வைத்திருக்கிறேன், அதனால் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது சொல்லாமலே தெரியும்.

தீம் பார்க்கில் விற்கிற சரக்கே தோற்றம்தான், தம்பி. கலிஃபோர்னியாவில் 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்த பிறகு, கௌபாய் உடையில் இருந்த ஊழியர் ஒருவர் எதிர்கால உலகமாக அமைத்த பகுதிக்குள் நடந்துபோனதை வால்ட் டிஸ்னி பார்த்து எரிச்சலடைந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். ஃபுளோரிடாவில் 1971இல் டிஸ்னி வேர்ல்டின் முதல் பார்க்கான மேஜிக் கிங்டம் கட்டியபோது ஊழியர்கள் போய்வரவே தனிப் பாதைகள் போட்டார்கள். சுரங்கம் என்கிறோமே தவிர உண்மையில் அது தரைமட்டம்தான். இங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும் என்பதால், பாதையை முதலில் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைச் சுற்றிக் கொட்டி, பார்க்கை அதற்கு மேலே எழுப்பினார்கள். நாம் நடப்பது மாடியில்! உடை மாற்றுவது, சாப்பிடுவது, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது எல்லாம் கீழே. கரடி தலையைக் கழற்றுவதற்கும் அங்கே இடம் உண்டு.

உங்கள் பார்க்கில் குறை அந்த விதியில் இல்லை. தலையைக் கழற்ற ஓர் அறை கட்டாததுதான் குறை.

பழைய ஆபரேட்டர்:
நான் ரைடில் வேலை பார்த்தவன். வெளியிலிருந்து பேசுகிறவர்கள் யூனிஃபார்ம் என்றால் அழகுக்கு என்றே நினைக்கிறீர்கள்.

காலையில் கேட் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். மெயின்டனன்ஸ் ஆட்கள் தண்டவாளம், சக்கரம், போல்ட், பிரேக் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் வண்டியைக் காலியாகச் சிலமுறை ஓட்டிப் பார்ப்போம். ஆள் ஏறியதும் ஒவ்வொரு சீட்டாகப் போய் லாக்கைக் கீழே அழுத்தி, மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்தால் அன்றே வேலை போய்விடும். எல்லாம் சரியென்று பிளாட்பாரத்தில் நிற்பவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால்தான் கன்ட்ரோல் பேனலில் இருப்பவர் வண்டியை விடுவார். பல ரோலர் கோஸ்டர்களில் இரண்டு பேரும் தத்தம் பட்டனை ஒரே சமயத்தில் அழுத்தாவிட்டால் வண்டி நகரவே நகராது.

இந்த வேலைக்குத் துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு, வளையல், தளர்ந்த கை, செருப்பு எதுவும் ஆகாது. கழுத்தில் மாட்டும் கயிறுகூட இழுத்தால் தானே விடுபடுகிற கொக்கியோடு இருக்க வேண்டும். இன்னொன்று, ரைடு பாதியில் நின்றுவிட்டால் மேலே மாட்டியிருக்கும் முப்பது பேரும் யார் சொல்வதைக் கேட்பது என்று தேடுவார்கள். அந்த நேரத்தில் சட்டையின் நிறம்தான் பேசும். தண்ணீர்ப் பக்கம் லைஃப்கார்டுக்குச் சிவப்பும் மஞ்சளும் கொடுப்பதும் கூட்டத்தில் சட்டென்று கண்ணில் படத்தான். பிள்ளை தொலைந்த தாய் ஓடி வந்து பிடிப்பதும் யூனிஃபார்ம் போட்டவன் கையைத்தான்.

பாலியஸ்டர் புழுக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பருத்தி நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. கஸ்டமரைக்கூட வாட்டர் பார்க்கில் பருத்தி உடையோடு இறங்க விடமாட்டோம். நூல் பிரிந்து ஃபில்டரில் அடைக்கும், ஸ்லைடில் உடம்பு வழுக்காமல் பிடிக்கும். அவர்கள் எங்களோடு சண்டை போடுவார்கள், நாங்கள் சிரித்துக்கொண்டே நிற்போம்.

தாம்பரத்தான்:
ஆபரேட்டர் அண்ணே, லாக் சோதிக்கிறவருக்கு இறுக்கமான சட்டை, ஷூ என்பதை நான் எதிர்க்கவில்லை. டிக்கெட் ஸ்கேன் செய்யும் பெண்ணுக்குக் கோட் எதற்கு? அவர் எந்தத் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறார்? "பாதுகாப்பு" என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தக் கோட்டும் ஒளிந்துகொள்கிறது.

மாமாவுக்கு ஒன்று. அந்தச் சுரங்கத்துக்குள் நடந்ததையும் சொல்லியிருக்கலாம். டிஸ்னி வேர்ல்டில் மிக்கி, கூஃபி வேஷம் போடுகிறவர்களுக்கு உள்ளே போடும் உள்ளாடையும் கம்பெனிதான் கொடுத்தது. தினமும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மொத்தமாகத் துவைத்து, மறுநாள் யாருடையது யாருக்கு வருமோ தெரியாது. பேனும் சொறியும் தொற்றுகிறது என்று ஊழியர்கள் புகார் சொல்லி, டீம்ஸ்டர்ஸ் என்ற அமெரிக்கத் தொழிற்சங்கம் பேரம் பேசி, 2001இல்தான் அவரவர்க்கு என்று தனி உள்ளாடையும் அதை வீட்டில் துவைத்துக்கொள்ளும் உரிமையும் கிடைத்தன. உலகத்திலேயே பெரிய கேளிக்கைக் கம்பெனியில்!

உயிர் போன கதையும் உண்டு. ஜப்பானில் ஒசாகா பக்கம் ஹிராகாடா பார்க்கில், 2019 ஜூலையில் 28 வயது ஊழியர் ஒருவர் ஏறக்குறைய 16 கிலோ எடையுள்ள வேஷத்தோடு நடன ஒத்திகை பார்த்துவிட்டுச் சரிந்தார். வெப்பத் தாக்கு. பிழைக்கவில்லை. ஒழுங்குக்குப் பெயர்போன நாட்டிலேயே இப்படியென்றால் நம் ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

ஃபுளோரிடா மாமா:
உள்ளாடை விவகாரம் உண்மைதான். ஆனால் அது என் வாதத்துக்குத்தான் துணை. புகார் வந்தது, சங்கம் பேசியது, மாறியது. மீசை வைக்கவே ஊழியர்களுக்கு 2000 வரை அனுமதி இல்லை. வால்ட் டிஸ்னியே மீசைக்காரர் என்பது வேறு வேடிக்கை. 2012இல் ஒட்ட வெட்டிய தாடிக்கு அனுமதி வந்தது, 2021இல் பச்சை குத்தியிருந்தால் மறைக்க வேண்டாம் என்றார்கள், ஆண் உடை பெண் உடை என்ற கட்டாயத்தையும் தளர்த்தினார்கள். விதி இருந்தால்தானே அதைத் திருத்த முடியும்? உங்கள் பார்க்கில் விதி எழுதியே இருக்காது, சூப்பர்வைசர் வாய்தான் விதி.

அப்புறம், சென்னைக்காரர்கள் ரொம்பவும் பேச வேண்டாம். விஜிபி பார்க்கில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முகத்துக்கு நேரே குரங்குச் சேட்டை செய்யாத குழந்தை நம் தலைமுறையில் உண்டா? தலைப்பாகையும் கனத்த உடுப்புமாக மணிக்கணக்கில் நின்றவரை நாம் வேடிக்கைதானே பார்த்தோம்?

கோவை செல்வி:
வேடிக்கை பார்த்தோம் என்பதால் இப்போது கேள்வி கேட்கக் கூடாதா மாமா?

எல்லோரும் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள், காசைப் பற்றி யாரும் பேசவில்லை. 2017இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை, ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி விடுதிகளில் வேலை செய்த 16,339 பேருக்கு 38 லட்சம் டாலர் பாக்கிச் சம்பளம் கிடைக்க வழி செய்தது. ஒரு காரணம், உடைக்கென்று சம்பளத்தில் பிடித்ததில் சிலருடைய மணிக்கூலி சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே போய்விட்டது. இன்னொன்று, ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் செய்த வேலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த இரண்டாவது இங்கே ரொம்பப் பொருந்தும். பத்து மணிக்கு வேலை என்றால் ஒன்பதரைக்கு வந்து வரிசையில் நின்று உடை வாங்கி, மாற்றி, ரைடு வரை நடந்து போக வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. உடை அவர்களுக்காக, நேரம் மட்டும் நம்முடையதா?

பெயர் அட்டை இன்னொரு தலைவலி. முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறோம். அன்று இரவே இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடித்து மெசேஜ் அனுப்புகிறார்கள். நான் ஒரு மாலில் இருக்கும் விளையாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தபோது எங்கள் பெண்களில் பாதிப் பேருக்கு இது நடந்தது. எண் போட்ட அட்டை போதும் என்று கேட்டோம். "பெயர் இருந்தால்தான் நட்பாக இருக்கும்" என்றார்கள்.

கணக்குப்பிள்ளை77:
நிர்வாகத்தின் பக்கம் ஒருவராவது பேச வேண்டும் அல்லவா, அடி வாங்க நான் தயார். நான் இந்தத் தொழிலில் ஹெச்ஆரில் இருப்பவன்.

சீசனுக்குச் சேரும் பிள்ளைகளில் பலர் கல்லூரி திறந்ததும் போய்விடுவார்கள். சொல்லாமலும் போவார்கள், சட்டையோடும் போவார்கள். சீருடைக்கு டெபாசிட் பிடிப்பது அதனால்தான். பாலியஸ்டர் ஏன் என்றால், குளோரின் தண்ணீரில் பருத்தி ஒரே சீசனில் வெளுத்துவிடும். செல்விம்மா சொல்லும் பெயர் அட்டை நியாயமான புகார், முதல் பெயரோடு நிறுத்திவிடலாம். எண் மட்டும் என்றால் ஏற்க மாட்டேன். யாராவது தவறாக நடந்துகொண்டால் புகார் செய்ய கஸ்டமருக்கு ஒரு பெயர் வேண்டும்.

உட்காருவது பற்றி. ஒரு பையன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் "ஸ்டாஃப் சோம்பேறிகள்" என்று கூகுளில் ஒற்றை ஸ்டார் விழும். அதை எழுதுகிறவர்கள் வேறு யாரும் இல்லை, இங்கே கண்ணீர் வடிக்கும் நாம்தான்.

கோர்ட் வாசல்:
ஒற்றை ஸ்டாருக்குப் பயந்து சட்டத்தை மீற முடியாது, சார். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். கேரளா 2018இல் செய்ததைப் பார்த்து வந்தது. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது. எல்லோரும் இதைத் துணிக்கடை, நகைக்கடைக்கான சட்டம் என்று நினைக்கிறார்கள். மூலச் சட்டம் 1947இல் வந்தது. அதில் "நிறுவனம்" என்பதற்குள் ஹோட்டல், தியேட்டர், பொதுமக்கள் கேளிக்கைக்குக் கூடும் இடம் எல்லாம் வரும். ராட்டினம் கேளிக்கை இல்லையென்றால் வேறு எது கேளிக்கை?

பழைய ஆபரேட்டர்:
அந்தப் பிரிவை நானும் படித்தேன். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்றுதான் இருக்கிறது. கொக்கி அந்த "வாய்ப்பு" என்ற இடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை கோஸ்டர் பிளாட்பாரத்தில் வண்டி வந்து நிற்கும், ஆளை இறக்கி, ஏற்றி, லாக் பார்த்து விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஸ்டூல் போட்டாலும் அதில் என் தண்ணீர் பாட்டில்தான் உட்காரும்.

என்னைக் கேட்டால் இடம் மாற்றி மாற்றி நிறுத்துவதுதான் வழி. லைஃப்கார்டுகளை ஒரே இடத்தில் அரைமணிக்கு மேல் வைக்காமல் சுற்றில் விடுவது நல்ல குளங்களில் வழக்கம், ஏனென்றால் கண் களைத்துவிடும். ரைடு ஆட்களையும் அப்படியே விடலாம்: பிளாட்பாரம், பேனல், வரிசை வாசல், ஓய்வு. பேனலில் இருக்கும்போது நாற்காலி உண்டு. இதற்கு ஷிஃப்டுக்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். அந்த ஓர் ஆளைத்தான் எந்த நிர்வாகமும் தராது. சட்டையை மாற்றச் சொன்னால் உடனே மாற்றுவார்கள், புது லோகோ போட ஒரு சாக்கு!

தாம்பரத்தான்:
கணக்குப்பிள்ளை சார், நேராகக் கேட்கிறேன். கரடிக்கு எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு நேரம் ஓய்வு என்று உங்கள் இடத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை77:
வேஷம் போடுகிறவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை. ஈவென்ட் ஏஜென்சி அனுப்புகிறது, உடையும் அவர்களுடையதுதான். எங்கள் சீருடை விதி அவர்களுக்குப் பொருந்தாது.

கோவை செல்வி:
ஆனால் தலையைக் கழற்றாதே என்று விரட்டியது பார்க்கின் சூப்பர்வைசர்தானே? விரட்டும்போது உங்கள் ஆள், மயங்கி விழுந்தால் ஏஜென்சி ஆளா?

ஃபுளோரிடா மாமா:
இந்த விஷயத்தில் நான் செல்வி பக்கம். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டின் வேஷக்காரர்களும் ஊர்வலத்தில் ஆடுகிறவர்களுமாகச் சுமார் 1,700 பேர் 2024 மே மாதம் வாக்களித்து நடிகர் சங்கத்தில் சேர்ந்தார்கள். வெளியில் வேலை செய்பவர்களுக்கு நிழல், தண்ணீர், ஓய்வு தரவேண்டும் என்ற விதி அந்த மாநிலத்தில் 2005 முதலே இருக்கிறது. நான் இருக்கும் ஃபுளோரிடாவில், உள்ளாட்சிகள் அப்படியொரு வெயில் விதியே போடக்கூடாது என்று 2024இல் சட்டம் போட்டார்கள். அதனால் இங்கே கம்பெனியும் சங்கமும் பேசிக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஆனால் தோற்ற விதி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தை முன்னால் தலையில்லாத கரடி நிற்கக் கூடாது.

தாம்பரத்தான்:
நிற்க வேண்டாம் மாமா. கழற்றி உட்கார ஒரு ஃபேன் போட்ட அறையும், அரைமணிக்கு ஒருமுறை மாற்றிவிட இன்னொரு பையனும் இருந்தால் ஏன் நிற்கப் போகிறது? ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தத்தில் இந்த இரண்டு வரியைச் சேர்க்க என்ன தடை, கணக்குப்பிள்ளை சார்?

கணக்குப்பிள்ளை77:
ஒரு கரடிக்கு இரண்டு பேர் சம்பளம், அதுதான் தடை. டிக்கெட்டில் ஏற்றினால் முதல் ஆளாக நீங்களே வந்து கொள்ளை என்று எழுதுவீர்கள்.

தாம்பரத்தான்:
எழுதுவேன்தான். அதற்காகப் பையனை வெயிலில் நிறுத்தி மிச்சம் பிடிப்பீர்களா? முதலில் அந்த டிக்கெட் பெண்ணின் கோட்டைக் கழற்றச் சொல்லுங்கள், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கணக்குப்பிள்ளை77:
கோட் விஷயத்தைத் திங்கட்கிழமை மீட்டிங்கில் வைக்கிறேன். கரடியைப் பற்றி வாக்குத் தரமாட்டேன்.