லண்டன் மணி மாறியதும் லாப்டாப்பில் லாகின் போகவில்லை (பினாங்கு)

பாயான் லெப்பாஸ் புதுவரவு:
அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். லண்டன் டீம் மீட்டிங் தினமும் சாயங்காலம் 4 மணிக்கு. இன்று 4 மணிக்கு உட்கார்ந்தால் ஒருவரும் இல்லை, அங்கே மணி மாறிவிட்டதாம். லாப்டாப் மணியை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தேன். இப்போது ஆபீஸ் லாகினே போகவில்லை. டேலைட் சேவிங் (கோடையில் மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கம்) ஸ்விட்சையும் அமுக்க முடியவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன்:
தம்பி, மணிக்கு என்ன, டைம் ஸோனை லண்டன் என்று மாற்றிவிடுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
வேண்டாம் லா, அப்புறம் இங்குள்ள மீட்டிங் எல்லாம் லண்டன் மணியில் காட்டும். மலேசியாவில் டேலைட் சேவிங் கிடையாது. 1982 ஜனவரி 1 அன்று அரை மணி முன்னால் நகர்த்தினார்கள். அன்றிலிருந்து கிரீன்விச் நேரத்துக்கு (லண்டனின் குளிர்கால மணி) 8 மணி நேரம் முன்னால்தான். ஸ்விட்ச் மங்கியிருப்பது அதனால்தான். விண்டோஸா, மேக்கா? மீட்டிங் போட்டது யார்?

கிள்ளான்காரன்:
வருஷத்துக்கு 2 தடவை இதே ரோதனை. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-லேயே இதை நிறுத்த ஓட்டுப் போட்டது, இன்னும் நின்றபாடில்லை. குளிர்காலம் முழுக்க நம்ம ஆபீஸ் ஆளுங்கதான் லேட்டா வீட்டுக்குப் போகணும்.

பாயான் லெப்பாஸ் புதுவரவு:
விண்டோஸ் 11 அக்கா. போட்டது லண்டன் மேனேஜர்.

பட்டர்வொர்த் அக்கா:
அப்படியானால் காலண்டரைத் திறந்து பாருங்கள், 5 மணி என்றுதான் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் மீட்டிங், போட்டவர் ஊர் மணியோடு ஒட்டிக்கொண்டு நகரும். நீங்கள் போட்டிருந்தால் இங்கே 4 மணியிலேயே நிற்கும், லண்டன்காரர்களுக்குத்தான் மாறும்.

லாகின் போகாததற்குக் காரணம் நீங்கள் திருப்பிய மணி. ஸோனை மாற்றினால் திரையில் காட்டும் மணி மட்டும் மாறும், உள்ளே ஓடும் உலகப் பொதுநேரம் அப்படியே இருக்கும். மணியைக் கையால் திருப்பினால் அந்தப் பொதுநேரமே 60 நிமிஷம் பிசகிவிடும். ஆபீஸ் லாகின் கெர்பரோஸில் (ஆபீஸ் நெட்வொர்க்கில் ஆளைச் சரிபார்க்கும் முறை) ஓடினால், வழக்கமான அமைப்பில் 5 நிமிஷ வித்தியாசம் வரைதான் பொறுக்கும்.

செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் டேட் அண்ட் டைம். முதலில் ஸோன் "கோலாலம்பூர், சிங்கப்பூர்" என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு தானாக மணி வைக்கும் ஸ்விட்சைப் போட்டு, சிங்க் நௌ அமுக்குங்கள். அதுவும் மங்கியிருந்தால் கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது. லாப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கில் மாட்டுங்கள், இல்லையென்றால் ஐடி ஆட்களைக் கூப்பிடுங்கள். லண்டன் மணி தெரிய வேண்டுமா, அடிஷனல் க்ளாக்ஸில் லண்டனைச் சேர்த்தால் போதும்.

பாயான் லெப்பாஸ் புதுவரவு:
சிங்க் ஆச்சு, லாகினும் சரியாச்சு. நன்றி அக்கா. அடுத்த வாரம் நியூயார்க் டீமும் சேருது.

கிள்ளான்காரன்:
அப்போ தேதியைக் குறிச்சுக்கோங்க. லண்டன் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும்: கோடையில் நம்மைவிட 7 மணி நேரம் பின்னால், குளிரில் 8. நியூயார்க் மார்ச் 2-ஆம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும்: கோடையில் 12, குளிரில் 13. இடைப்பட்ட வாரங்களில் ஒரு ஊர் மாறியிருக்கும், இன்னொன்று மாறியிருக்காது. அப்போது மட்டும் மீட்டிங் அழைப்பில் எந்த ஊர் ஸோன் போட்டிருக்கிறது என்று பாருங்க.