குதிகாலுக்கு மேலே காலை நேர வலி: ஓய்வு எடுப்பதா, பயிற்சி செய்வதா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நாற்பது வயதைக் கடந்த நான், நடைப்பயிற்சியை விட்டு மெதுவோட்டத்துக்கு மாறிய பிறகு, வலது குதிகாலுக்குச் சற்று மேலே பின்பக்கத்தில் வலி தொடங்கியது. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் கால் விறைத்துக்கொள்கிறது. சிறிது நேரம் நடந்தால் தளர்ந்துவிடுகிறது. ஓடத் தொடங்கும்போது வலித்தாலும் போகப் போக மறைந்து, மறுநாள் காலையில் முன்பைவிடக் கூடுதலாகத் திரும்புகிறது. அந்த இடத்தை இரு விரல்களால் பிடித்துப் பார்த்தால், இடது காலில் இருப்பதைவிடத் தடிப்பாக இருக்கிறது. சில வாரங்கள் முழு ஓய்வு எடுத்தபோது வலி அநேகமாக நின்றுவிட்டது. ஆனால் மீண்டும் ஓடியதும் பழையபடியே வந்துவிட்டது. குதிகால் வாதம் என்கிறார் ஒருவர், நரம்புக் கோளாறு என்கிறார் இன்னொருவர். இது என்னவாக இருக்கும்? இன்னும் நீண்ட ஓய்வு எடுத்தால் சரியாகுமா?

மறுமொழி 1:

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். காலைத் தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், உங்கள் விவரிப்பு குதிகால் தசைநாண் பாதிப்பை, அதாவது அக்கிலிஸ் டெண்டினோபதியை, பெரிதும் ஒத்திருக்கிறது. குதிகால் வாதத்திலும் காலையின் முதல் அடிகள்தான் கடுமையாக வலிக்கும் என்பதால் இரண்டையும் பலர் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். ஆனால் அந்த வலி பாதத்தின் அடியில், குதியின் உட்புறமாக இருக்கும். நரம்பு வலியாக இருந்தால் எரிச்சலோ மரத்துப்போதலோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ சேர்ந்து வருவதுண்டு. நீங்கள் அவற்றைக் குறிப்பிடவில்லை.

இனி, நாணின் எந்தப் பகுதியில் வலிக்கிறது என்று விரலால் அழுத்திப் பாருங்கள். கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அந்த நாணில், எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் வரை மேலே உள்ள பகுதிதான் அதிகம் பாதிக்கப்படுகிறது. எலும்பில் நாண் சேரும் இடத்திலேயே வலித்தால் பயிற்சியைச் சற்று மாற்றிச் செய்யவேண்டியிருக்கும்.

ஓய்வைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. நாள்பட்ட தசைநாண் வலியில் நாணின் இழைகள் ஒழுங்கு குலைந்து, நாண் தடித்து, சுமையைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். ஓய்வெடுக்கும்போது வலி குறைகிறது. ஆனால் பயன்படுத்தாத தசையும் நாணும் மேலும் வலுவிழப்பதால், ஓட்டத்துக்குத் திரும்பும் நாளில் அதே பழைய சுமைகூடத் தாங்கமுடியாததாகிவிடுகிறது. ஆகவே ஓட்டத்தையும் குதிப்பதையும் தற்காலிகமாகக் குறைத்துக்கொண்டு, நாணுக்கு அளவான சுமையைப் படிப்படியாகக் கொடுப்பதே இதற்கான முதன்மைச் சிகிச்சை.

ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரெட்சன் குழுவினர் 1998-இல் வெளியிட்ட பயிற்சி முறை இதில் புகழ்பெற்றது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலின் உதவியால் மேலே எழும்பி, வலியுள்ள ஒற்றைக் காலில் மெதுவாகக் குதியைக் கீழே இறக்கவேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்றுகள், மடக்கி அதேபோல் மூன்று சுற்றுகள், நாளுக்கு இரு வேளை, 12 வாரங்கள் என்பது அவர்கள் வகுத்த அளவு. தினமும் அவ்வளவு செய்ய இயலாதவர்கள், கூடுதல் எடையுடன் மிக மெதுவாக வாரத்துக்கு மூன்று நாள் செய்யும் முறையையும் பின்பற்றலாம். அதுவும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. எலும்பை ஒட்டி வலிப்பவர்கள் படியில் செய்யாமல் சமதரையிலேயே செய்யவேண்டும், ஏனெனில் குதி முன்பாதத்தின் மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது நாண் எலும்பின்மீது அழுந்துகிறது. அவர்களுக்குக் காலணிக்குள் சிறிய குதிமெத்தை வைப்பதும் இதமளிக்கும்.

மறுமொழி 2:

மேலே சொன்னது மிகவும் பயனுள்ளது. கணுக்காலைச் சுற்றி வேறு நாண்களும் உண்டு என்பதை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சேர்க்க விரும்புகிறேன். எனக்கு உட்கணுவுக்குப் பின்னால் வலியும் வீக்கமும் இருந்தன. கூடவே அந்தப் பாதத்தின் வளைவு தாழ்ந்துகொண்டே வந்தது. பாத வளைவைத் தாங்கும் நாண் பலவீனமடைந்திருப்பதாக எலும்பு மருத்துவர் கண்டறிந்தார். ஒற்றைக் காலில் நின்று குதியைத் தூக்கச் சொன்னபோது என்னால் தூக்கவே இயலவில்லை; அந்தச் சோதனைதான் அவருக்குப் பெரிதும் உதவியது. பாத வளைவைத் தாங்கும் உள்மெத்தையும் தொடர்ந்த பயிற்சியும் பரிந்துரைத்தார். பாதம் தட்டையாகிவருவதைக் கவனிப்பவர்கள் தாமதிக்கவே கூடாது, ஏனெனில் நீண்ட காலம் விட்டுவிட்டால் அந்த மாற்றம் நிலைத்துவிடக்கூடும். வெளிக்கணுவுக்குப் பின்னால் வலிப்பவர்கள், குறிப்பாக முன்பு கால் பிசகியவர்கள், அங்குள்ள நாண்களையும் சோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. அழுத்திப் பார்த்தேன், எலும்புக்கு மேலேதான் வலிக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். பயிற்சி செய்யும்போதே வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா? ஒரே ஊசியில் குணமாகிவிடும் என்று சிலர் சொல்வதை நம்பலாமா?

மறுமொழி 1:

பயிற்சியின்போது ஓரளவு வலி இருப்பதில் தவறில்லை. பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவில் ஐந்தைத் தாண்டாத வலியும், மறுநாள் காலைக்குள் வழக்கமான நிலைக்குத் தணிந்துவிடும் வலியும் ஏற்கத்தக்கவை. மறுநாள் விறைப்பு கூடியிருந்தால் எடையையோ எண்ணிக்கையையோ குறையுங்கள், ஆனால் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய வாரங்கள் பல ஆகும் என்பதால், பெரும்பாலோர் பாதியில் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

ஸ்டீராய்டு ஊசி வலியைச் சிறிது காலம் மட்டுப்படுத்தலாம். ஆனால் நாணுக்குள் செலுத்தினால் அது அறுந்துபோகும் அபாயம் கூடுவதால், குதிகால் நாணுக்கு அதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் நாணைப் பாதிக்கக்கூடியவை. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அண்மையில் அவற்றை உட்கொண்டிருந்தால் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலும் சொல்லவேண்டும்.

எப்போதாவது யாரோ பின்னாலிருந்து உதைத்தது போன்ற உணர்வோ, பட்டென்ற ஒலியோ ஏற்பட்டு, அதன்பின் முன்பாதத்தில் ஊன்றி எழும்ப இயலாமல் போனால், நாண் அறுந்திருக்கலாம். அதன்பின் வலி குறைவாக இருந்தாலும், ஓரளவு நடக்கமுடிந்தாலும், காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கெண்டைக்கால் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் சேர்ந்திருந்தாலோ அதுவும் வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே காட்டுங்கள். இவை எதுவும் இல்லையென்றால், ஒருமுறை நேரில் பரிசோதித்துக்கொண்டு, இந்த வாரமே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். படிகளில் ஏறுவதும் வேகமாக நடப்பதும் வலியின்றி இயலும் நிலை வந்தபின், நடையும் ஓட்டமுமாக மாறி மாறிச் சிறிய தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஓடிய நாளுக்கு மறுநாள் ஓடாதீர்கள்.