குளித்தலை பக்கம் காவிரியில் சனி, ஞாயிறு தூண்டில்: ஈயம் நிக்கவே மாட்டேங்குது

ஆத்தங்கரை:
வர்ற சனி, ஞாயிறு முசிறிப் பாலத்துக்கு மேற்கே, குளித்தலைக் கரையில இருந்து தூண்டில் போடலாம்னு இருக்கோம். மூணு பேர். ஏழடி ராடு, 4000 ரீல், 0.35 மி.மீ. நரம்பு, 30 கிராம் உருண்டை ஈயம் இருக்கு. மேட்டூர்ல தண்ணி திறந்திருக்கிறதால ஈயம் உருண்டு கரைக்கே வந்துடுது. கெண்டை, ரோகுக்கு என்ன இரை போடலாம்?

தக்கை:
முதல்ல உருண்டை ஈயத்தை மாத்துங்க. அடி முழுக்க மணல், அதுல உருண்டை நிக்காது. 60 கிராம் பட்டை ஈயம் வாங்குங்க. மெயின் நரம்புல ஈயம், அடுத்து ஒரு பாசிமணி, ஸ்விவல் (சுழலுற இணைப்பு வளையம்), அப்புறம் ஒன்றரை அடிக்கு 0.28 நரம்பு, 6ஆம் நம்பர் முள். ஈயம் நரம்புல தாராளமா ஓடணும், இல்லேன்னா கெண்டை பாரத்தை உணர்ந்து துப்பிடும். கீழ் நரம்பு மெல்லிசா இருந்தா, முள் வேர்ல மாட்டினாலும் முள்ளோட போயிடும், ஈயம் மிஞ்சும். முடிச்சை இறுக்கும் முன்னாடி எச்சில் தொடுங்க. காய்ஞ்ச நரம்பு உரசிச் சூடேறி முடிச்சுலயே அறுந்துடும்.

நடு ஆத்துல எறியாதீங்க. நாணல் திட்டுக்குக் கிழக்கே தண்ணி சுழன்று மெதுவாகிற இடம்தான் நல்லது. கொஞ்சம் மேற்கே எறிஞ்சு நரம்பைத் தளர விட்டா ஈயம் நல்லா பிடிக்கும்.

புண்ணாக்கு:
அரைக் கிலோ கடலைப் புண்ணாக்கை ராத்திரியே ஊற வைங்க. காலையில ஒரு கிலோ தவிடு சேர்த்துப் பிசைஞ்சு ஆரஞ்சு அளவுக்கு உருட்டுங்க. கையில நிக்கணும், தண்ணிக்குள்ள கொஞ்ச நேரத்துல உடையணும். இதுல மைதா சேர்த்தா பசையாகிடும், உடையாது, மீனும் சேராது. மீன் கூட, தூண்டில் போடுற இடத்துல ஆரம்பத்துல அஞ்சு உருண்டை எறிங்க, அப்புறம் அரை மணிக்கு ஒண்ணு போதும். முள்ளுக்கு மட்டும் மைதாவும் புண்ணாக்குத் தூளும் சரிபாதி. மண்புழு போட்டா கெளுத்தி, ஆரால்தான் முந்தும்.

கரைமேடு:
தம்பி, இரையை விட இதை முதல்ல கவனிங்க. தண்ணிக்குள்ள இறங்கி எறியவே கூடாது. மணல் அள்ளின குழி எங்கே இருக்குன்னு மேலே தெரியாது. முழங்கால் தண்ணிக்கு அடுத்த அடியே ஆளை முழுங்கும். மேலே மாயனூர் கதவணையில கூடுதலா திறந்தா இங்கே மட்டம் ஏறும். போனதும் தண்ணி விளிம்புல ஒரு குச்சி நட்டு வைங்க. குச்சியடியில தண்ணி நாலு விரல் ஏறிட்டா சாமானைச் சுருட்டிக்கிட்டு மேட்டுக்கு வந்துடுங்க. மீன்பிடிப்பு குத்தகை இருக்கான்னு ஊர்ல கேட்டுட்டு, வலை கட்டாத இடமாப் பாருங்க.

ஆத்தங்கரை:
நன்றி அண்ணா. ஈயம் மாத்திடறோம். கெளுத்தி முள் குத்திட்டா?

கரைமேடு:
கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர்ல அரை மணி நேரம் வைங்க, கடுப்பு குறையும். பிளாஸ்க்குல கொண்டுபோங்க. முள் உள்ளே ஒடிஞ்சிருந்தா தோண்டாம ஆஸ்பத்திரிக்குப் போங்க. கெளுத்தியைத் தூண்டில்ல இருந்து கழற்றும்போது ஈரத்துணியால தலையைப் பிடிச்சு, குறடால தூண்டில் முள்ளைத் திருப்பி எடுங்க.

தக்கை:
ராடு ஸ்டாண்டையும் நல்லா ஆழமா அடிங்க. ரீல் டிராக்கை (நரம்பு இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு) ரெண்டு கிலோ இழுப்புக்கு நரம்பு விடுற மாதிரி வைங்க. இறுக்கி வச்சா ரோகு முதல் ஓட்டத்துலயே ராடை ஆத்துக்குள்ள இழுத்துட்டுப் போயிடும்.